வாடையை நம்பிய தோட்டம்

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை. மாரி தந்ததைச் சுண்ணக்கல் குடித்து வைக்கும். கோடையில் கிணறு அதைத் திருப்பித் தரும். உரும்பிராய்ச் செம்மண்ணில் அப்பு செய்த தோட்டம் முழுவதும் இந்த ஏற்பாட்டை நம்பித்தான் நின்றது.

சோளகக் காற்று அடங்கி வாடைக் காற்று எழும்பினால் அவருக்குப் பஞ்சாங்கம் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தறை ஊறும். மார்கழியில் மழை விலகப் பனி இறங்கும். உருளைக்கிழங்கு அந்தப் பனிக்கென்றே வைக்கிற பயிர். "பனி குடியாத கிழங்கு பருக்காது" என்பார். பிறகு மிளகாய்க் கன்று நடுகை.

துலா மிதித்த காலம் போய் மண்ணெண்ணெய் வாட்டர் பம்ப் வந்திருந்தது. விடியப்புறம் அதன் சத்தத்துக்குத்தான் எழும்புவோம். மண்வெட்டியோடு நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவது என் வேலை. கால்விரல் இடுக்கெல்லாம் செஞ்சேறு, காற்றில் வெங்காயத்தாள் வாசம். ஆச்சி விதை வெங்காயத்தைப் பிடிபிடியாகக் கட்டிக் குசினி வளையில் தொங்கவிடுவா. அடுப்புப் புகை பட்டு அடுத்த நடுகை வரை அது பழுதாகாமல் கிடக்கும். 1970களில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்பட்டிருந்தபோது எங்கள் பக்கத்தில் எழும்பிய கல்வீடுகள் பல, சுன்னாகம் சந்தைக்குப் போன மூட்டைகளின் காசு.

இப்போதும் மழை வருகிறது. மாதக்கணக்கில் பெய்யவேண்டியதை இரண்டு மூன்று நாளில் கொட்டிவிட்டுப் போகிறது. 2008 நவம்பரில் நிஷா புயல், 2020 டிசெம்பரில் புரெவிப் புயல்: இரண்டிலும் வயலும் தோட்டமும் வெள்ளத்தில் நின்றன. வெங்காயம் ஈரத்தை விரும்பும், தேங்கிய நீரைத் தாங்காது. வேர் மூச்சடைத்து, தாள் மஞ்சளாகி, கிழங்கு அழுகிவிடும். அப்படிக் கொட்டும் நீரில் ஒரு பங்கு நிலத்துள் இறங்க நேரமில்லாமல் கடலுக்கு ஓடிவிடுகிறது. பின்னால் கோடை நீள, இறைக்க இறைக்க நன்னீருக்குக் கீழே கிடக்கும் உவர்நீர் மேலேறுகிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்த நாங்களும் இதற்குக் காரணம். அதை மறைத்து வானத்தை மட்டும் குறைசொல்வது நியாயமில்லை.

இரவும் முன்போலக் குளிர்வதில்லை. இரவுச் சூடு ஏறினால் தக்காளியின் மகரந்தம் வலுவிழக்கும். செடி நிறையப் பூத்தும் பிஞ்சு பிடியாது. வறண்ட வெக்கையில் இலையைச் சுருட்டும் சின்னப் பூச்சிகள் பெருகி மிளகாயில் குருமன் நோய் விழுகிறது.

இன்னும் தோட்டம் செய்கிற மச்சானிடம், உருளைக்கிழங்கு வைத்தானா என்று தொலைபேசியில் கேட்டேன். "பனி எப்ப வருமெண்டு நீ சொல்லு, நான் வைக்கிறன்" என்றான். அவன் குரலில் கோபமில்லை, களைப்புத்தான் இருந்தது. வெங்காயத் தறையை இப்போது இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை முன்னுக்கும் மற்றப் பாதியை இரண்டு கிழமை பிந்தியும் நடுகிறானாம். கூலியாட்களை இரண்டு தரம் பிடிக்கவேண்டும். ஒரு பாதி தப்பினாலும் காணும் என்கிறான்.