ஈகோ, பவர் பட்டன்களும் நமது வலது காலும்



நமது ஊரில் ஹைபிரிட் கார் வாங்கிய எல்லோரும் கேட்கின்ற கேள்வி ஒன்று இருக்கிறது. "ஈகோவில் ஓடுவதா, பவரில் ஓடுவதா?" நாங்கள் ஐந்து ஆசிரியர்கள் பெற்றோல் செலவைப் பங்குபோட்டு, ஒரே பிரியஸில் மாவனல்லையிலிருந்து கடுகண்ணாவ ஏறிப் பாடசாலைக்குப் போய் வருகிறவர்கள். தினமும் இதே பேச்சுத்தான். நமக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறோம்.

முதலாவது விஷயம்: பட்டனை அமத்தினால் இன்ஜின் மாறாது. 2009இல் வந்த மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் 1.8 லீற்றர் இன்ஜின். இன்ஜினும் மோட்டரும் சேர்ந்து 100 கிலோவாற். ஈகோ, நோர்மல், பவர் எதில் ஓடினாலும் இந்தக் கணக்கு மாறாது. எக்ஸலரேட்டரிலிருந்து இன்ஜினுக்கு இப்போது கேபிள் கிடையாது. நமது கால் எவ்வளவு மிதிக்கிறது என்பதைக் கம்பியூட்டர் பார்த்து, எவ்வளவு பலம் கொடுப்பது என்று தீர்மானிக்கிறது. அதே அரை மிதிக்கு ஈகோவில் கொஞ்சமாகவும், பவரில் சட்டென்று கூடுதலாகவும் கொடுக்கும்.

2022இல் கியூஆர் அட்டைக்குக் கிழமைக்கு 20 லீற்றர் கிடைத்த காலத்தில் எல்லோரும் ஈகோவுக்கு மாறினோம். அதில் மிச்சம் உண்மைதான். மிதி மென்மையாகிறது, ஏசியின் வேலையும் குறைகிறது. ஆனால், "கார் இழுக்குதில்லை" என்று இன்னும் ஆழமாக மிதித்தால் அந்த மிச்சமும் போய்விடும். மழையில் வழுக்குகின்ற வீதிக்கும், புதிதாகப் பழகுகிறவர்களுக்கும் ஈகோ நல்லது.

ஈவி பட்டன் பற்றரியில் மட்டும் ஓட. பற்றரியில் சார்ஜ் இருந்தால் மெதுவாகக் கொஞ்சத் தூரம் போகலாம். சுபஹுக்குப் போகும்போது ஒழுங்கையில் அயலவர் தூக்கம் கலையாது. வேகமாக மிதித்தால் இன்ஜின் தானாகவே வந்துவிடும்.

இனி முக்கியமான இடம், கடுகண்ணாவ ஏற்றம். ஐந்து பேரும் பைகளும் ஏறிய கார், முன்னால் மெதுவாக ஊர்கின்ற லொறி. ஈகோவில் இருந்துகொண்டு முந்தப் போனால், கார் பாய வேண்டிய நேரத்தில் கொஞ்சம் யோசிக்கும். எதிரே பஸ் வருகின்ற வளைவில் அந்த ஓரிரண்டு செக்கன் உயிர் விஷயம். ஏற்றம் தொடங்கும் முன்பே நோர்மலுக்கோ பவருக்கோ மாற்றிக்கொள்ளுங்கள். முந்தப் போகின்ற நேரத்தில் பட்டனைத் தேடாதீர்கள். இரட்டை வெள்ளைக் கோட்டில் எந்த மோடும் அனுமதி தராது.

இறக்கத்தில் இந்த மோட்கள் உதவாது. அங்கே கியர் லீவரில் உள்ள "பி"தான் தேவை. நீண்ட இறக்கத்தில் பற்றரி நிறைந்துவிட்டால் அது இனிச் சார்ஜ் ஏற்காது, பிரேக்குக்குச் சுமை கூடும். "பி"யில் இன்ஜினே வண்டியைப் பிடித்துக் கொடுக்கும், பிரேக் சூடாவது குறையும். சமதரையில் "டி"யே போதும், பெற்றோலும் மிச்சம்.

வேறு கார்களில் கியர், ஸ்டியரிங்கூட மோடோடு மாறலாம். உங்கள் காரின் கைநூலை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ஜப்பான் மொழியில் இருந்தால், தெரிந்த கராஜ்காரரிடம் கேளுங்கள்.

புதிதாக லைசன்ஸ் எடுத்த பிள்ளைகளுக்குச் சாவியைக் கொடுக்கும் முன், பக்கத்தில் இருந்து ஒருமுறை ஏற்றம் ஏறி இறங்கப் பழக்குங்கள். எந்தப் பட்டனில் ஓடினாலும் மிதிப்பது நமது கால்தான். எல்லோரும் சுகமாக வீடு வந்து சேர அல்லாஹ் உதவட்டும்.