மூடியைக் கழற்றும் முன்

"அண்ணா, கம்ப்யூட்டர் கத்துதுங்க" என்று போன் செய்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, எப்படிக் கத்துகிறது என்பதைத்தான். கர்ர் என்கிறதா, டக்டக் என்று தட்டுகிறதா, உஸ்ஸென்று இரைகிறதா? திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சிஸ்டம் சர்வீஸ் பார்ப்பவனுக்கு ஸ்குரூ டிரைவருக்கு முன்னால் வேலை செய்ய வேண்டியது காது. "ஃபேன் போயிருச்சுங்க, புதுசா ஒண்ணு எடுத்துட்டு வந்துருங்க" என்பார்கள். பெரும்பாலும் ஃபேன் போயிருக்காது.

டக்டக் எளிது. உள்ளே ஏதோ ஒயர் இறக்கையில் உரசும். ஒதுக்கிக் கட்டினால் தீர்ந்தது. ஆனால் இறக்கை உரசும் சத்தம் சீராக விழும். விட்டுவிட்டு டக்... டக் என்றால் அது ஹார்டு டிஸ்க்காக இருக்கலாம். அப்போது ஃபேனை மறந்துவிட்டு டேட்டாவைக் காப்பி எடுக்க உட்கார்ந்துவிடுவேன்.

உஸ் என்பதுதான் எங்கள் ஊர் வியாதி. துணி வெட்டும்போதும் ஓவர்லாக் அடிக்கும்போதும் பறக்கிற பஞ்சு கேபினெட்டுக்குள் புகுந்து, பிராசசர் ஃபேனுக்கும் அதன் அடியிலுள்ள ஹீட் சிங்க்குக்கும் நடுவே போய்ப் படிகிறது. மேலிருந்து டார்ச் அடித்தால் இறக்கை ஓரளவு சுத்தமாகவே தெரியும். ஃபேனைக் கழற்றினால்தான், அலுமினியத் தகடுகளின் மேல் கம்பளி விரித்த மாதிரி ஒரு படலம் கிடப்பது தெரியும். ஓரத்தைப் பிடித்து இழுத்தால் சில சமயம் முழுசாக உரிந்து வரும். காற்று கீழே இறங்க வழியில்லை, பிராசசர் கொதிக்கிறது, மதர்போர்டு அந்தச் சூட்டைப் பார்த்து ஃபேனை முழு வேகத்தில் விரட்டுகிறது. நாலு பின் ஃபேன் என்றால் நாலாவது ஒயரில் 25 கிலோஹெர்ட்ஸ் துடிப்பாக அந்தக் கட்டளை போகும். மனிதக் காதுக்கு 20 கிலோஹெர்ட்ஸ் தாண்டி எட்டாது. நமக்குக் கேட்பதெல்லாம் காற்றின் இரைச்சல். ஃபேன் சொன்னதைத்தான் செய்கிறது. புதுசு மாட்டினாலும் இதே கத்தல்தான்.

அதனால் பயாஸுக்குள் போய் முதலில் சூட்டைப் பார்ப்பேன். சும்மா இருக்கும்போதே 80 டிகிரி காட்டினால் ஃபேன்மேல் பழி போடுவது அநியாயம். பஞ்சை எடுத்த பிறகும் சூடு குறையவில்லையா? கூலரின் நான்கு பிளாஸ்டிக் பின்களில் ஒன்று போர்டை விட்டு எழும்பியிருக்கும், இல்லையென்றால் பிராசசருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே தடவிய பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருக்கும்.

ப்ளோயர் அடிக்கும்போது இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். வேலைக்குப் புதிதாக வரும் பையன்களுக்கு ஃபேன் காற்றில் விர்ரென்று சுற்றுவதைப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம். அது தன் அளவுக்கு மீறிய வேகத்தில் சுற்றி, நன்றாக இருந்த பேரிங்கும் தேய்கிறது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

கர்ர் என்பது பேரிங்தான், சந்தேகமில்லை. காலையில் ஆன் செய்ததும் உறுமி, கொஞ்ச நேரத்தில் அடங்கினால், மலிவு ஃபேன்களில் வரும் ஸ்லீவ் பேரிங்கில் எண்ணெய் வற்றியிருக்கிறது. கேபினெட்டைப் படுக்க வைத்துப் பாருங்கள், சத்தம் மாறும். எந்த ஃபேன் என்று தெரியாவிட்டால் நடுக் குமிழில் விரலை வைத்து ஒவ்வொன்றாக ஒரு நொடி நிறுத்தினால் போதும். இறக்கையில் விரல் வைக்கக் கூடாது. நடு ஸ்டிக்கரை உரித்து, ரப்பர் மூடி இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. திருப்பூரில் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. தேங்காய் எண்ணெய் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது பிசுக்கேறி இறுகிவிடும். துருவுக்கு அடிக்கும் ஸ்ப்ரே, மிச்சமிருக்கும் கிரீஸையும் கழுவிக்கொண்டு போய்விடும்.

ஆனாலும் தேய்ந்த பேரிங்குக்கு எண்ணெய் ஒரு தவணைதான். ஷிப்மென்ட் நெருக்கடியில் நிற்பவருக்குச் சொட்டு விட்டுக் கொடுப்பேன். மற்றவர்களுக்குப் பால் பேரிங் ஃபேன் மாற்றிவிடுவேன். கேபினெட்டில் இடமிருந்தால் 80 மில்லிமீட்டருக்குப் பதில் 120. பெரிய இறக்கை மெதுவாகச் சுற்றியே அதே காற்றைத் தள்ளும்.

கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபேன் கத்தினால் மட்டும் நான் உள்ளே கை வைப்பதில்லை. 230 வோல்ட் ஏசி அதற்குள் 320 வோல்ட்டுக்கு மேல் டிசியாகி கெப்பாசிட்டரில் நிற்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அங்கேயே இருக்கலாம். "ஒரு ஃபேனுக்காக முழு எஸ்எம்பிஎஸ்ஸும் மாத்தோணுமாங்க?" என்று முதலாளிமார் முகம் சுளிப்பார்கள். மாத்தோணுங்க.

கிளம்பும் முன், கட்டிங் டேபிளுக்கு அடியில் இருக்கும் கேபினெட்டைத் தூக்கி மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் பில் எழுதுவேன். பஞ்சு அதிகம் சேர்வது தரையில்தான். இடம் அடைக்கிறதென்று அடுத்த வாரமே அதைக் கீழே இறக்கிவிடும் கம்பெனிகள்தான் எனக்கு நிரந்தர வாடிக்கை.