கரப்புடுப்பு தைக்கிறம்

எங்கள் நாலு பேருக்கும் பொத்தான் வைக்கிறதைத் தவிர வேறு தையல் தெரியாது. இருந்தும் வடமோடிக் கூத்தில் ராசா போடுகிற கரப்புடுப்பைக் கையாலேயே தைக்கத் தொடங்கியிருக்கிறம்.

கோழி மூடுகிற கரப்பு மாதிரி இடுப்பிலிருந்து விரிந்து நிற்கும். உள்ளுக்குப் பிரம்பு வளையம், மேலால் துணி, அதில் சரிகையும் கண்ணாடித் துண்டுகளும். ஒவ்வொரு கண்ணாடியாக வைத்துத் தைக்கத் தைக்க உடுப்பு கனத்துக்கொண்டே போகுது. 'வடமோடி உடை பாரமானது, தென்மோடி உடை பாரமற்றது' எண்டு பரீட்சைக்கு ஒரே வரியில் எழுதிவிட்டு வந்தவர்கள் நாங்கள். இந்தப் பாரத்தோடு விடிய விடிய ஆடுகிறவரின் இடுப்பைப் பற்றி அப்ப யோசிக்கவேயில்லை.

பார்க்க வந்த அண்ணாவியார் வளையத்தை ஒருக்கா ஆட்டிப் பார்த்தார். "மக்கள், இது நிக்கிறதுக்கில்ல, சுத்துறதுக்கு" எண்டார். அதுக்குப் பிறகு தைச்ச ஒவ்வொரு பகுதியையும் கட்டிக்கொண்டு சுத்திப் பார்த்துத்தான் மிச்சத்தைத் தைக்கிறம்.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தது எங்களுக்குப் பாடம். ஊர்க் களரிகளுக்கு உடுப்புத் தைத்தவர்களின் பெயரை எந்த வினாத்தாளும் எங்களிடம் கேட்டதில்லை.

அடுத்த முறை கூத்துப் பார்க்கப் போனால், முடிஞ்ச பிறகு நீங்கள் ஒருக்கா கேளுங்கள்: "உடுப்பு ஆர் தைச்சது?"