சார்ஜ் ஏறும் கேபிளில் அப்டேட் ஏறாது

ஹெச்டிசி வைவ் (2016), வால்வ் இண்டெக்ஸ் (2019) ஆகிய விஆர் கருவிகளின் கன்ட்ரோலர்களை யுஎஸ்பி கேபிளால் கணினியில் இணைத்து ஸ்டீம்விஆர் மூலம் அப்டேட் செய்யலாம். கணினி கன்ட்ரோலரைக் கண்டுகொள்ளாவிட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கேபிளைத்தான். யுஎஸ்பி 2.0 கேபிளில் நான்கு கம்பிகள் உண்டு: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தரவுக்கு. மலிவான கேபிள்கள் சிலவற்றில் தரவுக் கம்பிகளே இருப்பதில்லை. விளக்கு எரியும், சார்ஜும் ஏறும். கணினிக்கு ஒன்றும் போய்ச் சேராது. எங்கு வாங்கினாலும் ‘டேட்டா கேபிள்’ என்றே கேட்டு வாங்குவது நல்லது. அடுத்து, ஹப்பை விலக்கிவிட்டுக் கணினியின் போர்ட்டிலேயே நேராகச் செருகிப் பார்க்க வேண்டும். அப்டேட் ஓடும்போது கேபிளைப் பிடுங்கவே கூடாது. மெட்டா குவெஸ்ட் கன்ட்ரோலர்களுக்குக் கேபிளே தேவையில்லை. ஹெட்செட்டே கம்பியில்லாமல் அவற்றை அப்டேட் செய்துவிடும்.