மகளின் ப்ரொஜெக்டரும் அம்மாவின் வலது கையும்

கொஞ்சம் நீளமான இழை. பாதி கரண்ட், பாதி வைத்தியம், மீதி எங்க வீட்டுக் கதை. பொறுமையா படிங்க.

பத்தாவது பரீட்சை முடிச்ச மகள் இந்த லீவுல ஒரு வீடியோ ப்ரொஜெக்டர் செய்தாள். ஏழு இன்ச் எல்சிடி பேனல், அதை ஓட்டுற சின்ன போர்டு, 100 வாட் சிஓபி எல்இடி, அதன் முதுகுல பெரிய அலுமினிய ஹீட் சிங்க், ஒரு ஃபேன், ரெண்டு ஃப்ரெனெல் லென்ஸ், படத்தைச் சுவரில் விழ வைக்க முன்னால ஒரு லென்ஸ். எல்லாம் ஒரு பிளைவுட் பெட்டிக்குள்ள. கரண்டுக்கு 12 வோல்ட் எஸ்எம்பிஎஸ், சிசிடிவி கேமராவுக்கெல்லாம் போடுவாங்களே, ஓட்டை ஓட்டையா தகரக் கூண்டு மாதிரி, அது. எல்இடிக்கு 32 வோல்ட் வேணும், அதனால நடுவுல வோல்டேஜை ஏத்திக் கொடுக்க ஒரு பூஸ்ட் மாட்யூல்.

முதல் நாள் ராத்திரி ஹால் சுவர் முழுக்கப் படம். அம்மா பாய் போட்டு உட்கார்ந்துட்டாங்க. ஆனா வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டினா படம் போயிடும். எல்இடி எரியும், சுவர்ல வெறும் வெள்ளை. ரெண்டு செகண்ட் கழிச்சு போர்டோட லோகோ வரும், மறுபடி போயிடும்.

மகள் பேனல் போயிடுச்சுன்னு அழுற நிலைமை. மல்டிமீட்டர் வெச்சுப் பார்த்தா எஸ்எம்பிஎஸ்ல 12.1 வோல்ட். போர்டுக்குப் போற இடத்துலயும் 12.1. எல்லாம் நார்மல். இங்கதான் எனக்குள்ள இருந்த டாக்டர் முழிச்சார். அவள் அளந்தது எல்இடியை அணைச்சு வெச்சுட்டு. இது படுக்க வெச்சு எடுக்கிற ஈசிஜி மாதிரி. மாடி ஏறினா நெஞ்சு வலிக்குதுன்னு சொல்றவருக்குப் படுத்திருக்கும்போது எடுத்த ஈசிஜி சுத்தமா இருக்கலாம். டிரெட்மில்லில் ஓட விட்டாதான் சாயம் வெளுக்கும்.

முழு வெளிச்சம் வெச்சு அளந்தோம். எஸ்எம்பிஎஸ் முனையில 12. மாட்யூல் முனையில 10.4. வழியில 1.6 வோல்ட் காணோம்.

கணக்கு சுலபம். எல்இடி பக்கம் 32 வோல்ட், 3 ஆம்பியர். அதே பவர் 12 வோல்ட் பக்கத்திலிருந்து வரணும்னா மாட்யூலோட நஷ்டத்தையும் சேர்த்து 9 ஆம்பியர் ஓடணும். அதுக்கு அவள் போட்டிருந்தது தலைமுடி மாதிரி மெல்லிசான ஹூக்அப் வயர். தொட்டா வெதுவெதுன்னு இருந்துச்சு. போர்டுக்கும் அதே வயரோட கடைசியிலிருந்தே கரண்ட் எடுத்திருந்தாள். எல்இடி இழுக்க இழுக்க போர்டு பட்டினி, ரீசெட் ஆகுது. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மாட்யூலுக்கு 1.5 ஸ்கொயர் எம்எம் வயர், போர்டுக்குத் தனியா ஒரு ஜோடி வயர். ப்ளக்கைக் கழட்டி, கொஞ்ச நேரம் விட்டு, அப்புறம்தான் கை வெச்சோம். அரை மணி நேர வேலை. படம் நின்னுச்சு. நான் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

அப்பதான் மகள் சொன்னாள், "அப்பா, ஹீட் சிங்க்கைத் தொட்டா குறுகுறுங்குது."

"ஸ்டேடிக்கா இருக்கும்மா" என்றேன். பார்க்கவே இல்ல. படம் வருது, எனக்கு அது போதுமா இருந்துச்சு.

மறுநாள் செருப்பில்லாம நானே தொட்டேன். ஸ்டேடிக் என்றால் ஒரு சொடுக்கு, அவ்வளவுதான். இது நிக்காம ஊர்ற எறும்பு. கூச்சமே இல்லாம சொல்றேன், பழைய டேபிள் ஃபேன்ல இருந்து எடுத்த ரெண்டு கோர் வயரை அவளுக்குக் கொடுத்ததே நான்தான். அந்த எஸ்எம்பிஎஸ்ஸுக்கு எர்த் முனை உண்டு. உள்ள இருக்கிற ஃபில்டர் கெபாசிட்டர்கள் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கொஞ்சூண்டு கரண்டைத் தகர உடம்புக்குக் கசிய விடும். எர்த் இருந்தா அது மண்ணுக்குப் போயிடும். இல்லேன்னா உடம்பு 230-ல் ஏறத்தாழ பாதி வோல்டேஜில் மிதக்கும். கசிவு ஒரு மில்லி ஆம்பியருக்கும் கீழ, அதனால குறுகுறுப்போட நின்னுடுது. 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினா பிடிச்ச கையை விட முடியாம போகலாம். 50, 100 என்று போனா இதயம் துடிப்பதை விட்டுட்டு வெறுமனே நடுங்க ஆரம்பிச்சுடும். ஈரக் கையோட, வெறுங்காலோட வந்தவங்களை கேஷுவல்டியில பார்த்திருக்கேன். மேல எழுத விரும்பல.

மூணு கோர் வயர் வாங்கி மாத்தினோம். பெட்டிக்கும் ப்ளக் பாயின்டோட எர்த் ஓட்டைக்கும் நடுவுல பூஜ்யம் வோல்ட். அருமை. தொட்டா? அதே எறும்பு!

இப்பதான் பயம் வந்துச்சு. ப்ளக் பாயின்டையே அளந்தேன் (நீங்க செய்யாதீங்க, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க). ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230, சரி. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230 வரணும், வந்தது 115. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்றிரண்டு வோல்ட்தான் இருக்கணும், அங்கயும் 110-க்கு மேல. அதாவது எர்த் ஓட்டை மண்ணோட சேரவே இல்ல. அதுவும் எங்க பெட்டியோட சேர்ந்து மிதக்குது. சமையலறை பாயின்ட்லயும் அதே கதை.

வந்த எலெக்ட்ரீஷியன் அண்ணன் நேரா வாசலுக்குப் போய் எர்த் குழியைக் கேட்டார். ரெண்டு வருஷம் முன்னாடி காம்பவுண்டுக்குள்ள சிமெண்ட் கல் பதிச்சோம். அப்போ எர்த் கம்பியை வெட்டி மூடிட்டாங்க. "சார், வீட்டுல எல்லா எர்த்தும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்திருக்கு, ஆனா மண்ணுக்குப் போகல. கீசர்ல ஒரு வயர் உரசுச்சுன்னா உங்க ஃபிரிட்ஜ், கிரைண்டர், வாஷிங் மெஷின் எல்லாத்து உடம்புலயும் 230 நிக்கும்" என்றார். ஃபியூஸும் போகாது, யாராவது தொடுற வரைக்கும் தெரியவும் தெரியாது.

ஃபிரிட்ஜ்னு அவர் சொன்னதும் பின்னாலிருந்து அம்மா குரல். "நான்தான் அப்பவே சொன்னேனே தம்பி, கதவைத் தொட்டா விறுவிறுன்னு இழுக்குதுன்னு."

சொன்னாங்க. ஒன்றரை வருஷமா சொன்னாங்க. அம்மாவுக்கு பன்னிரண்டு வருஷமா சுகர். கை விறுவிறுக்குதுன்னா நான் என்ன நினைப்பேன்? நரம்பு. நிமிர்ந்துகூடப் பார்க்காம பி12 மாத்திரை எழுதிக் கொடுத்தேன். கேட்கலைன்னதும் ராத்திரிக்கு ஒரு மாத்திரை சேர்த்தேன். அது தூக்கத்தைத்தான் கூட்டுச்சு.

சுகர் நரம்புப் பாதிப்பு பொதுவா பாதத்தில் ஆரம்பிக்கும், ரெண்டு பக்கமும் வரும், ராத்திரி அதிகமாகும். அம்மாவுக்கு வலது கை மட்டும், பகல்ல மட்டும், சமையலறையில மட்டும். முன்பின் தெரியாத பேஷன்ட் வந்திருந்தா "எந்தக் கை? எப்போ வருது? அப்போ என்ன செஞ்சுட்டு இருக்கீங்க?"ன்னு மூணு கேள்வி கேட்டிருப்பேன். பெத்த தாயிடம் ஒண்ணு கூடக் கேட்கல. அவங்களாவே ஒரு வைத்தியம் கண்டுபிடிச்சிருந்தாங்க. ஃபிரிட்ஜ் முன்னால ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. எதுக்குன்னு யாரும் கேட்டதில்ல.

அண்ணன் வாஷிங் மெஷின் ப்ளக்கைப் பிடுங்கிட்டு ஃபிரிட்ஜை அளந்தார். வோல்டேஜ் கிட்டத்தட்ட காணோம். கசிஞ்சது வாஷிங் மெஷினோட ஃபில்டர், ஃபிரிட்ஜ் வெறும் வழிப்போக்கன். புதுசா குழி வெட்டி எர்த் ராடு இறக்கி, மெயின்ல 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்டார். இப்போ ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 1.

அன்னிக்கு ராத்திரி படம் போட்டோம். நடுவுல அம்மா கேட்டாங்க, "அப்போ அந்த மாத்திரையை எல்லாம் நிறுத்திடவா?"

ராத்திரி மாத்திரை வேண்டாம்மா, ஆனா மெட்ஃபார்மின் ரொம்ப வருஷம் சாப்பிடுறவங்களுக்கு பி12 குறையலாம், அதனால அதை...ன்னு இழுத்தேன்.

"டெஸ்ட் எடுத்துப் பார்த்துட்டுச் சொல்லு"ன்னு சுவர் பக்கம் திரும்பிட்டாங்க.