முதல் தடவை பார்க்கப் போகிறவர்களுக்கு

வியாழக்கிழமை ஒரு தாயோடு பல்லேகலைக்குப் போகிறேன். தும்பறைச் சிறைச்சாலைக்கு. அவருடைய மகன் என்னிடம் ஆறாம் வகுப்பிலிருந்து ஓ.எல். வரை படித்தவன். கண்டியில் ஒரு கடையில் வேலைக்கு நின்றான். இப்போது விளக்கமறியலில் இருக்கிறான். என்ன வழக்கு என்று இங்கே எழுத மாட்டேன், இன்பொக்ஸில் வந்தும் கேட்காதீர்கள். விளக்கமறியல் என்றால் தீர்ப்பு வரவில்லை என்று அர்த்தம். நம் நாட்டுச் சிறைகளில் தண்டனை பெற்றவர்களைவிட இப்படிக் காத்திருப்பவர்கள்தான் அதிகம்.

மூன்று கிழமையாக அவனை யாரும் போய்ப் பார்க்கவில்லை. பாசம் இல்லாமல் இல்லை. அக்காவுக்குச் சிங்களம் வராது. ஒரு நாள் போனால் ஒரு நாள் பேர் போய்விடும். கிடைக்கிற சம்பளத்தில் பஸ் காசும் கழிய என்ன மிஞ்சும்? இதையெல்லாம்விட, லயத்தில் யாராவது "எங்கக்கா போறீங்க?" என்று கேட்டால் என்ன சொல்வது என்ற பயம். கங்காணியிடம் கண்டி ஆஸ்பத்திரிக்கு என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார். அவனுடைய அப்பா பேச்சையே எடுப்பதில்லை.

எங்கள் பக்கத்தில் இன்னமும் "போகம்பரைக்குப் போயிட்டான்" என்றுதான் சொல்வார்கள். வெள்ளைக்காரன் 1876இல் திறந்த அந்தச் சிறை 2014 தொடக்கத்திலேயே மூடப்பட்டு, இருந்தவர்கள் பல்லேகலைக்கு மாற்றப்பட்டுவிட்டார்கள். பேச்சில் மட்டும் இன்னும் மூடப்படவில்லை. அக்காவும் கண்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் நடக்கிற தூரம் என்றே நினைத்திருந்தார். அங்கிருந்து திகன, தெல்தெனிய பக்கம் போகிற இன்னொரு பஸ் எடுக்க வேண்டும். தெரியாத ஊரில், தெரியாத மொழியில் இதைத் தனியாக விசாரித்துப் போவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்கும் இதுதான் முதல் தடவை. பத்தனைக் கல்வியியற் கல்லூரியில் பாடத்திட்டம், உளவியல், மதிப்பீடு எல்லாம் படிப்பித்தார்கள். படிப்பித்த பிள்ளையை உள்ளே போய்ப் பார்ப்பது எந்தப் பாடத்திலும் வரவில்லை. அதனால் டவுனில் கடை வைத்திருக்கும் ஒரு நானாவிடம் போய்க் கேட்டேன். 2019இல் அவருடைய தம்பி சில மாதம் உள்ளே இருந்தார்.

அந்த வருஷம் ஏப்ரல் 21க்குப் பிறகு நம்மவர்களில் எத்தனையோ வீடுகளுக்கு இந்தப் பாதை பழகிப்போனது. ஹசலகவில் உடுப்பில் இருந்த கப்பல் சுக்கானைத் தர்மச்சக்கரம் என்று சொல்லி ஒரு பெண்ணைப் பிடித்து, 17 நாள் வைத்திருந்து பிணையில் விட்டது மறந்திருக்காது. இளம் ஆசிரியர் அஹ்னாப் ஜஸீம் தன் கவிதைத் தொகுப்பைக் காரணம் காட்டி 2020 மே மாதம் கைதாகி, 2021 டிசம்பரில்தான் பிணையில் வந்தார். 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. சிறை வாசல்களில் வாப்பா உம்மாமார் கற்றுக்கொண்டதை நான் எழுத்தில் எங்கும் பார்க்கவில்லை. வெட்கம்தான் காரணமாக இருக்கும். நானாவும் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் பேசினார்.

"டீச்சர், போறதுக்கு முந்தி போன் பண்ணி எந்த நாள், எத்தனை மணி, என்னென்ன விடுவாங்கன்னு கேளுங்க. இடத்துக்கு இடம் மாறும். அடையாள அட்டை இல்லாமப் போகாதீங்க."

அட்டையில்தான் சிக்கல். அக்காவின் பழைய அட்டையில் பெயர் சிங்களத்தில் மட்டும் இருக்கிறது, அதுவும் எழுத்து மாறி. மகனின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் வேறு மாதிரி. தோட்டத்தில் பதிந்த பெயர்களுக்கு இது புதிதில்லை. சான்றிதழின் கொப்பியும், தாய்தான் என்று கிராம சேவகர் தந்த கடிதமும் எடுத்துக்கொண்டோம். உங்கள் வீட்டில் இப்படி இருந்தால், தேவை வருமுன்னமே திருத்திக்கொள்ளுங்கள்.

நானா சொன்னதில் இன்னொன்று: "சந்திக்கிற நேரம் கொஞ்சம். சுத்திவர எல்லாரும் கத்திப் பேசுவாங்க, ஒன்னும் கேக்காது. என்ன பேசணும்னு முதல்லயே யோசிச்சிட்டுப் போகச் சொல்லுங்க. வழக்கைப் பத்தி அங்க கேக்க வேணாம். அது லோயரோட பேசுறது. எங்க உம்மா முதல் நாள் அழுதுட்டே இருந்து நேரம் முடிஞ்சிட்டு."

இதை அக்காவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்:

"அப்ப மொதல்ல என்னா கேக்கிறது டீச்சர்? ஏன்டா இப்புடி பண்ணுனேன்னுதான் மூணு வாரமா மனசுக்குள்ள கேட்டுக்கிட்டு இருக்கேன்."

அதை வெளியே வந்த பிறகு கேட்கலாம், இப்போது சாப்பிட்டியா, தூங்குறியா, மேலுக்கு ஏதும் முடியாம இருக்கா என்று கேளுங்கள் என்றேன். யாராவது அடிக்கிறாங்களா என்று சத்தமாகக் கேட்காமல் முகத்தையும் கையையும் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த தவணை எப்போது என்பதை நான் குறித்துக்கொள்கிறேன். தங்கச்சி ஸ்கொலர்ஷிப் எழுதப் போவதைச் சொல்லுங்கள். அப்பாவைக் கேட்டால்?

"சொகமா இருக்காருன்னு சொல்றேன். வேற என்னாத்த சொல்ல."

நேற்றுப் பின்னேரம் சாமான் கட்டினோம். இரண்டு ஷேர்ட், ஒரு சாரம், சவர்க்காரம், பற்பசை. விளக்கமறியலில் இருப்பவர்கள் சொந்த உடுப்பு போடலாம் என்று அக்காவுக்குத் தெரியாது. வெள்ளை ஜம்பரில்தான் மகனைப் பார்க்கப் போகிறோம் என்று நினைத்திருந்தார். அது தெரிந்த பிறகுதான் ஷேர்ட்டை எடுத்து ஸ்திரி போட உட்கார்ந்தார்.

சாப்பாடு, வியாழன் விடியக்காலை மூன்று மணிக்கு எழும்பிச் சுடப்போகிற ரொட்டியும் கட்டச்சம்பலும். அவனுக்கு அதுதான் விருப்பமாம். ரொட்டியை மடிக்காமல், ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். வாசலில் வெட்டிப் பார்ப்பார்கள் என்று நானா சொன்னார். மடித்து வைத்தால் எல்லாம் துண்டு துண்டாகப் போய்விடும்.