உச்சி வெயிலில் ஒரு பூஜ்யம்

தமிழகமும் கர்நாடகமும் ஆந்திரமும் முட்டிக்கொள்ளும் குப்பத்தில் புதுச் சாதனம் எதைப் பார்த்தும் யாரும் வாய் பிளப்பதில்லை. 1990-களில் இஸ்ரேலிய முறைச் சொட்டுநீர்ப் பாசனம் வந்தது. 2002-ல் ஹ்யூலட் பக்கார்ட் நிறுவனம் கம்ப்யூட்டர் மையங்களோடு வந்தது. சுயஉதவிக் குழுப் பெண்கள் டிஜிட்டல் கேமராவும் சூரிய சக்தியில் ஓடும் பிரின்டருமாக ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்துக் கொடுத்தார்கள். இப்போது கூரைகளின் முறை. 1989 முதல் இந்தத் தொகுதியின் எம்.எல்.ஏ.வாக இருந்துவரும் சந்திரபாபு நாயுடு, 2025 ஜனவரியில் முதல்வராக இங்குள்ள நடிமூர் கிராமத்தில் வீட்டுக்கூரை சோலார் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 2024 பிப்ரவரியில் அறிமுகமான மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 2 கிலோவாட் பேனலுக்கு 60,000 ரூபாய் மானியம். ஒரு கோடி வீடுகள் இலக்கு.

பேனல் ஏறிவிடும். அது வேலை செய்கிறதா என்று யார் பார்ப்பது? கிணற்று மோட்டார் நின்றால் சத்தம் நின்றுவிடும். வீட்டுக்காரர் தூக்கத்திலும் எழுந்துவிடுவார். பேனல் நின்றால் காதுக்கும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. மாதக் கடைசியில் கரன்ட் பில்தான் சொல்லும்.

குப்பத்தில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் அதுவரை காத்திருக்கத் தயாராக இல்லை. இன்வெர்ட்டர் தன் கணக்கை எங்கோ இருக்கும் கம்பெனி கம்ப்யூட்டருக்கு அனுப்பி, அங்கிருந்து செல்போனுக்கு வரவழைப்பது அவருக்குச் சுற்றி வளைத்து மூக்கைத் தொடுவதாகப் பட்டது. இன்ஜினீயரிங் படிக்கும் மருமகன் முறைப் பையன் சீட்டுக்கட்டு அளவில் ஒரு ராஸ்பெர்ரி பை கம்ப்யூட்டரை வாங்கி வந்தான். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பள்ளிப் பிள்ளைகளுக்காக உருவாகி 2012-ல் விற்பனைக்கு வந்த ஒற்றைப் பலகைக் கம்ப்யூட்டர் அது. இன்வெர்ட்டரிலிருந்து இரண்டு ஒயர் இழுத்தார்கள். அதில் ஓடும் மோட்பஸ் என்ற பாஷை 1979-ல் தொழிற்சாலை இயந்திரங்களுக்காகப் பிறந்தது. கேட்டால் பதில் சொல்லும். கேட்காவிட்டால் வாய் திறக்காது. முதல் நாள் கேட்டும் திறக்கவில்லை. ஏ என்றும் பி என்றும் குறித்த இரு முனைகளைக் கம்பெனிக்குக் கம்பெனி மாற்றிக் குறிக்கும் வழக்கம் உண்டு. ஒயரை இடம் மாற்றியதும் எண்கள் வரத் தொடங்கின.

அதன் பிறகுதான் தலைவலி. கம்ப்யூட்டர் நினைத்தபோது படுத்துக்கொண்டது. காரணம் அற்பமானது: வீட்டில் கிடந்த பழைய செல்போன் சார்ஜர். 5 வோல்ட் தர வேண்டியது, மெல்லிய ஒயர் வழியே வந்து சேரும்போது 4.6-க்கு இறங்கிவிடுகிறது. திரை ஓரத்தில் மின்னல் அடையாளம் காட்டிக் கம்ப்யூட்டர் முறையிட்டதை ஒருவரும் கவனிக்கவில்லை. அடுத்து மெமரி கார்டு போயிற்று. விநாடிக்கு ஒரு முறை எழுதிக்கொண்டே இருக்கும் கார்டு, எழுதும் நேரத்தில் கரன்ட் போனால் பக்கம் கிழிந்த நோட்டாகிவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுதினால் போதும் என்று மாற்றியதில் அந்தத் தொல்லை குறைந்தது.

ஒரு நாள் வரைபடத்தில் நள்ளிரவு தாண்டி மூன்று மணிக்கு உச்சி வெயில் அடித்தது. “ஏங்க, சூரியனுக்கே நைட் டூட்டி போட்டுட்டீங்களா?” என்று வீட்டம்மா கேட்டதில் நியாயம் இருந்தது. இந்தக் கம்ப்யூட்டரின் பெரும்பாலான மாடல்களில் கடிகாரம் கிடையாது. இன்டர்நெட்டில் கேட்டுத்தான் மணி தெரிந்துகொள்ளும். முந்தைய இரவு எட்டு மணிக்குப் போன கரன்ட் விடிகாலை ஐந்துக்கு வந்தது, இன்டர்நெட் வரவில்லை. தான் கண் மூடிய எட்டு மணியிலிருந்தே அது பொழுதை எண்ணத் தொடங்கிவிட்டது. வாட்ச் பேட்டரி போட்ட சின்னக் கடிகாரச் சில்லு ஒன்றைப் பொருத்தியதும் சூரியன் வழிக்கு வந்தது. 2023-ல் வந்த ஐந்தாம் மாடலில் கடிகாரம் உள்ளேயே இருக்கிறது. பேட்டரிதான் தனியாக வாங்க வேண்டும்.

இத்தனை பழுதும் பார்த்தபின் ஒன்று மட்டும் மிஞ்சியது. தினமும் பகல் 11 மணி வாக்கில் உற்பத்தி பூஜ்யம். ஒரு மணிக்கு மேல் மறுபடி உயிர். மேகமும் இல்லை, கரன்ட்டும் போகவில்லை. ஏற்கெனவே நாலு முறை ஏமாற்றிய கம்ப்யூட்டர் மீதுதான் எல்லாருக்கும் சந்தேகம். பையன் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாம் என்றான். வாத்தியார் சம்மதிக்கவில்லை. பரீட்சைக்கு வராத பையனுக்கும் வந்து பூஜ்யம் வாங்கிய பையனுக்கும் ஒரே மார்க் போடலாமா என்பது அவர் கேள்வி. புரோக்ராமை எழுதிய பையன் அதைத்தான் செய்திருந்தான்: பதில் வராவிட்டாலும் பூஜ்யம் என்றே குறித்துவைத்தான். அதைத் திருத்தி, பதில் வராத இடத்தைக் காலியாக விடச் செய்தார்கள். மறுநாள் அந்த இரண்டு மணி நேரத்தில் ஓர் இடம்கூடக் காலியில்லை. இன்வெர்ட்டர் விழித்திருந்து, ஒவ்வொரு கேள்விக்கும் பூஜ்யம் என்று பதில் சொல்லியிருந்தது. கூடவே தெருக் கம்பியின் வோல்டேஜையும் சொல்லியிருந்தது: 254, 255.

வீட்டில் மிஞ்சும் மின்சாரம் தெருக் கம்பிக்குள் நுழைய வேண்டுமானால், இன்வெர்ட்டர் தன் வோல்டேஜைக் கம்பியைவிடச் சற்று உயர்த்தியாக வேண்டும். ஒரே டிரான்ஸ்பார்மரில் பல கூரைகள் சேர்ந்து இப்படித் தள்ளினால், எல்லாரும் வயலுக்கும் வேலைக்கும் போன பகல் வேளையில் வாங்க ஆள் இல்லாமல் கம்பி வீங்கும். மத்திய மின்சார ஆணையம் 2013-ல் வகுத்த விதிகளின்படி 230 வோல்ட்டில் 110 சதவீதம், அதாவது 253-ஐத் தாண்டினால், வீட்டு சோலார் இரண்டு விநாடிக்குள் கழன்றுகொள்ள வேண்டும். நல்ல விதிதான். இல்லையென்றால் பக்கத்து வீட்டு டி.வி. கருகும். ஆனால் நஷ்டம் கூரைக்காரருக்கு: நாளுக்கு எட்டு யூனிட் தர வேண்டிய 2 கிலோவாட் பேனலில், வெயில் உச்சத்தில் இருக்கும் இரண்டு மணி நேரத்தில் மூன்று யூனிட் போகிறது.

பத்து நாள் வரைபடத்தை அச்செடுத்துக்கொண்டு வாத்தியார் மின்சார அலுவலகம் போனார். வாய்ப் புகாருக்குக் கிடைக்காத மரியாதை காகிதத்துக்குக் கிடைத்தது. லைன்மேன் வந்து அளந்து பார்த்தார். டிரான்ஸ்பார்மர் டேப்பை ஒரு படி இறக்கினார்கள். பகல் பூஜ்யம் மறைந்தது. ஆனால் அன்று இரவு ஏழு மணிக்குத் தெருக் கோடி வீட்டில் ட்யூப்லைட் பற்றவில்லை. “சார், உங்களுக்கு மத்தியானம் பிரச்னை, அவங்களுக்கு ராத்திரி பிரச்னை. நான் எந்தப் பக்கம் திருப்ப?” என்றார் லைன்மேன்.

டேப் பழைய இடத்துக்கே போனது. கம்பத்திலிருந்து வாத்தியார் வீட்டுக்கு வரும் மெல்லிய ஒயருக்குப் பதில் தடித்த ஒயர் இழுத்தார்கள், செலவு அவருடையது. இப்போது பகல் 12 மணிக்கு அவருடைய வரைபடம் 249 வோல்ட் காட்டுகிறது. வரைபடம் இல்லாத பக்கத்து மாடிகளில் எவ்வளவு என்று பார்க்க, பையன் மல்டிமீட்டரோடு கிளம்பியிருக்கிறான்.